ஜெப அறையிலிருந்து சந்தை வரை

விசுவாசியின் மனம் புதிதாக்கப்பட வேண்டும் என்பது ரோமாபுரிச் சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய ஆலோசனை (ரோமர் 12:2). ஒருவருடைய இருதயம் ஒரே நாளில் ஆண்டவரிடம் திரும்பிவிடலாம். ஆனால் பணத்தையும் தொழிலையும் அரசையும் அயலானையும் அவர் பார்க்கும் பார்வை அத்தனை விரைவில் மாறிவிடுவதில்லை. ஜான் நியூட்டனின் வாழ்க்கை இந்த உண்மைக்கு வேதனையான ஒரு சாட்சி.

1748-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அட்லாண்டிக் பெருங்கடலில் வீசிய கடும்புயலில், 22 வயது மாலுமியாகிய நியூட்டன் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளை வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆயினும் அதற்குப் பின்னரே, 1750 முதல் 1754 வரை, அவர் அடிமைக் கப்பல்களின் தலைவராக இருந்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சரக்கைப்போல் அடைக்கப்பட்டுக் கிடந்தனர். 1754-இல் அவர் அத்தொழிலை விட்டது உடல்நலக் குறைவினாலேயன்றி மனச்சாட்சியினால் அல்ல. 1764-இல் குருப்பட்டம் பெற்றார். அடிமை வியாபாரத்தின் கொடுமையை ஒரு சிறுநூலில் விவரித்து, அதில் தமக்கிருந்த பங்கை வெளியரங்கமாய் அறிக்கையிட்டது 1788-இல்தான். இடையில் 34 ஆண்டுகள் கடந்துபோயின.

அந்த இளம் மாலுமி மாய்மாலக்காரர் அல்லர். அவருடைய ஜெபம் உண்மையானதே. ஆனால் ஆத்துமாவைப் பற்றித் தேவனிடம் கேட்டவர், தொழிலைப் பற்றி ஊராரிடம் கேட்டார். சட்டம் அதை அனுமதித்தது. கனவான்கள் அதில் முதலிட்டார்கள். ஆகவே அது குற்றமாகத் தோன்றவில்லை. கிறிஸ்தவ உலகக் கண்ணோட்டம் என்பது தத்துவ அறிஞர்களுக்கு மட்டும் உரிய சொல் அன்று. ஆத்துமாவைக் குறித்து யாரிடம் கேட்கிறோமோ, மற்ற அனைத்தையும் குறித்து அவரிடமே கேட்பது என்பதே அதன் பொருள்.

இதில் இறையியலுக்குப் பெரும் பங்குண்டு. அந்நாட்களில் இரு தரப்பினரும் வேதாகமத்தைத் திறந்தார்கள். அடிமைகளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதியை (எபேசியர் 6:5) எஜமான்கள் சுட்டிக்காட்டினார்கள். எதிர்த்தவர்களோ, மனுஷர் யாவரும் தேவசாயலாய்ச் சிருஷ்டிக்கப்பட்டதையும் (ஆதியாகமம் 1:27), ஆளைத் திருடி விற்பவனுக்கு நியாயப்பிரமாணம் விதித்த தண்டனையையும் (யாத்திராகமம் 21:16) எடுத்துக்காட்டினார்கள். இலாபத்துக்கு ஏற்ற வசனத்தைத் தேடுவது வேறு. முழு வேதத்தின் முன் இலாபத்தை நிறுத்துவது வேறு. மிஷனரிகளை அனுப்பிய ஒரு சங்கமே பார்படோஸ் தீவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களுக்கு உடைமையாளராய் இருந்தது என்பதை ஊழியத்தைத் தாங்குவோர் மறந்துவிடக் கூடாது. நல்ல நோக்கம் தவறான வருமானத்தைப் பரிசுத்தமாக்குவதில்லை.

1785-ஆம் ஆண்டு டிசம்பரில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற 26 வயது பாராளுமன்ற உறுப்பினர், புதிதாய்க் கண்டடைந்த விசுவாசத்தின் நிமித்தம் அரசியலைத் துறந்துவிடலாமா என்று நியூட்டனிடம் இரகசியமாய் ஆலோசனை கேட்டார். அங்கேயே நிலைத்திருந்து தேவனுக்கு ஊழியம் செய்யும்படி நியூட்டன் அறிவுறுத்தினார். 1791-இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் மசோதா 88-க்கு 163 வாக்குகளால் தோற்றது. மீண்டும் மீண்டும் தோற்று, 1807-இல் 16-க்கு எதிராக 283 வாக்குகள் பெற்று வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் இறைவனடி சேர்ந்தார். அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. அதிலும் குறை இருந்தது: எஜமான்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது; உழைத்தவர்களுக்கோ ஒன்றுமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் விலக்கப்பட்டன. இந்தியாவுக்கான சட்டம் 1843 வரை காத்திருந்தது. அரசியலில் கிடைக்கும் எந்த வெற்றியும் தேவனுடைய இராஜ்யம் ஆகிவிடாது. ஆனாலும் அந்த வெற்றிக்காக உழைப்பது வீண் அன்று.

இந்தப் போராட்டம் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. 1791-இல் மசோதா தோற்றபின், அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை இங்கிலாந்தில் இலட்சக்கணக்கானோர் விலக்கினார்கள். வாக்குரிமையற்ற பெண்கள் தங்கள் சமையலறையில் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். சட்டம் தோற்ற இடத்தில் சர்க்கரையில்லாத தேநீர் சாட்சி பகர்ந்தது.

பிரியமானவர்களே, இன்றைய விசுவாசியின் கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது? கொத்தடிமை முறையை இந்தியா 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. ஆனால் முன்பணக் கடனுக்காகக் குடும்பம் குடும்பமாகச் செங்கற் சூளைகளில் கட்டுண்டு கிடப்போர் இன்றும் உண்டு. அந்தச் செங்கல்லால் ஆலயமும் கட்டப்படலாம். உபவாச ஜெபத்தில் கண்ணீர் விடுகிறவர், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கூலியைக் குறைத்துப் பேசலாம். திருமண ஆராதனைக்கு முன் வரதட்சணை பேசி முடிக்கப்படலாம். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோருக்குக் கல்லறைத் தோட்டத்தில் சாதி சுவர் எழுப்பலாம். தேர்தல் நாளில் வாக்கு விலைபோகலாம். ஊரார் யாவரும் செய்வதால் இவை குற்றமாகத் தோன்றாமலும் போகலாம். நியூட்டனுக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

பிடித்துவைக்கப்பட்ட கூலி தேவனுடைய செவிகளில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக்கோபு 5:4). சகேயுவோ ஆண்டவரை வீட்டில் ஏற்றுக்கொண்ட அதே நாளில் கணக்குப் புத்தகத்தையும் திறந்தான் (லூக்கா 19:8). அவன் 34 ஆண்டுகள் காத்திருக்கவில்லை. விசுவாசியும் இந்த வாரம் ஒரு கூலியை, ஒரு கடனை, ஒரு வழக்கத்தை எடுத்து, அதைக் குறித்து ஊராரிடம் அல்ல, ஆண்டவரிடம் கேட்கக்கடவர். அவர் காட்டுவதைச் சரிசெய்யும் பெலனையும் அவரே அருள்வாராக.