மெய்ப்பதக்கம் எது?

ஒரு பொருளைப் போலியென்று ஒதுக்கும்போது அதன்கண் எது போலியாயிற்று என நாம் வினவுவதில்லை. பொன்னெனக் கொடுக்கப்பட்டது பித்தளையாயிருப்பின் விடை எளிது. ஆனால் போர்ப் பதக்கத்தின் பெறுமதி அதன் உலோகத்தில் இல்லை. இன்னான் இக்களத்தில் இது செய்தான் என ஓர் அரசு கூறும் சான்றே பதக்கமாகும். அளவை நூலார் மொழியிற் கூறின், அஃது 'உரை'. சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணங்கும் இடத்தைக் காண விரும்புவோர், ஜேர்மனிய இராணுவப் பதக்கங்களைச் சேகரிப்போரின் சோதனைகளைச் சற்று நோக்கலாம்.

பிரசிய மன்னன் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் 1813இல் நிறுவிய இரும்புச் சிலுவை 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளிற் புதுப்பிக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி கருமையூட்டிய இரும்பு. அதனை இரு வெள்ளிச் சட்டங்கள் முன்னும் பின்னுமாகக் கவ்வ, அவற்றின் விளிம்புகள் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். சேகரிப்பவர் முதலில் அந்த ஒட்டுவரியைத் தேடுவார். ஒரே வார்ப்பாக ஊற்றப்பட்ட போலியில் அது இராது. சட்டத்தின் மணிவரிசை மழுங்கியும், மேற்பரப்பு அம்மைத் தழும்பு போன்ற குழிகளுடனும் காணப்படும். அடுத்துக் காந்தம்: நடுப்பகுதியை அது பற்ற வேண்டும். பின்னர் புறஊதாக் கதிர்: பிற்காலச் செயற்கை இழையால் நெய்த நாடா அவ்வொளியில் மின்னித் தன் வயதைக் காட்டிக்கொடுக்கும். இவையெல்லாம் காண்டலும் கருதலுமாம். உரைக்கு இங்கு இடமே இல்லை. 'கதையை வாங்காதே, பொருளை வாங்கு' என்பது சேகரிப்போர் தமக்குள் வழங்கும் விதி. தன் பாட்டனார் களத்திற் பெற்றது எனக் கண்ணீர் மல்கக் கூறும் வணிகனிடம் ஏமாந்தோர் பலராதலின் இவ்விதி எழுந்தது.

பணப்பையைக் காப்பதற்கு இது நல்ல விதியே. ஆயினும் மெய்ம்மையை அறிவதற்கு இது போதுமா?

எம் நாட்டை அண்டிய கடலில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1914 செப்ரெம்பரில் சென்னையின் மீது குண்டுவீசி, கொழும்புக்கு அப்பால் வணிகக் கப்பல்களை மறித்து மூழ்கடித்த 'எம்டன்' என்னும் ஜேர்மனியப் போர்க்கப்பலை, அவ்வாண்டு நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' வீழ்த்தியது. உயிர்தப்பிய எம்டன் மாலுமிகள் தம் குடும்பப் பெயருடன் அக்கப்பலின் பெயரையும் இணைத்துக்கொள்ளும் உரிமை பெற்றனர். (எவரிடமும் உரிமை கேளாமலே தமிழர் அப்பெயரைச் சூழ்ச்சிக்காரர் யாவர்க்கும் சூட்டிவிட்டமை வேறு கதை.) சிதைந்த கப்பலிலிருந்து மெக்சிக்கோ வெள்ளி டொலர்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய ஆயிரம் நாணயங்களுக்குச் சிட்னி நகரில் முடியுருவம் பொருத்திப் பதக்கங்களாக்கினர். மெக்சிக்கோ டொலரோ உலகெங்கும் புழங்கிய நாணயம். அத்தகைய பழைய டொலர் ஒன்றில் புதிதாய் ஒரு முடியைப் பொருத்திவிட்டால் எம்டன் பதக்கம் ஆயிற்று! வெள்ளி மெய், நாணயம் மெய், நாணயத்தின் வயதும் மெய். அது எம்டனில் இருந்தது என்ற உரை மட்டுமே பொய்.

இதற்கு மறுதலையும் உண்டு. 1957இல் மேற்கு ஜேர்மனி இயற்றிய சட்டம், ஸ்வஸ்திகா நீக்கிய வடிவிற் பழைய போர்ப் பதக்கங்களை அணிய இடமளித்தது. தான் இழந்த சிலுவைக்கு ஈடாக அவ்வடிவை வாங்கி அணிந்த படைவீரனிடம் உலோகம் முற்றிலும் புதிது. எனினும் அவன் எவரையும் ஏய்க்கவில்லை. 1939ஆம் ஆண்டுச் சிலுவையை வழங்கிய அரசு மானுடத்துக்குச் செய்த கொடுமையை எண்ணும்போது, மெய்ப்பதக்கமும் மெய்ப்பெருமையும் ஒன்றல்ல என்பதும் உடன் நினைவுக்கு வருகின்றது. ஆகவே பொய் என்பது பொருளில் இல்லை, அதனைக் கைமாற்றும் வாய்மொழியில் உள்ளது என்பதே என் துணிபு. உரையை முற்றாக விலக்கினால் போலியை மட்டுமன்றிப் பதக்கத்தையும் விலக்கியவராவோம். எஞ்சுவது இரும்புத் துண்டே.

சோதனை இருவழியாலும் தவறும் என்பதையும் மறத்தலாகாது. இரும்புக்குப் பதிலாகக் காந்தம் பற்றாத உலோகத்தை நடுவில் வைத்துச் செய்த மெய்யான சிலுவைகளும் உள. காந்தத்தை மட்டுமே நம்பியவர் அவற்றைப் போலியெனத் தள்ளுவர். அதனாற் சிலுவைக்கு நட்டமில்லை, அது நோவதில்லை. மனிதர்மேல் அதே ஐயம் திரும்புங்கால் நிலைமை வேறு. போவர் போர்க் கைதியாக இலங்கைக்கு வந்து, பின் யால சரணாலயக் காவலரான எங்கல்பிரெக்ட் என்பார், எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற ஐயத்தாற் சிறைவைக்கப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை.

அவர் ஒருவர். ராகலையின் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்த எமக்கு, ஓர் இனமே காந்தத்தின் முன் நிறுத்தப்பட்ட வரலாறு வீட்டுக் கதையாகும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர், மறுவாண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாயினர். மணமானவர் 1946க்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. லயத்திற் பிறந்த பலர்க்குப் பிறப்புப் பதிவில்லை. அவர்கள் உழைத்ததைக் காட்டும் செக்ரோலோ அவர்கள் கையில் இல்லை, தோட்டக் கந்தோரில் இருந்தது. அயலார் அறிந்ததும் தாய் சொன்னதும் உரை என்பதால் தள்ளுண்டன.

சேகரிப்பவரின் விதியில் ஒரு நியாயம் உண்டு: கூற்றால் ஊதியம் பெறுபவன் வணிகன், ஆகவே மெய்ப்பிக்கும் சுமை அவனுடையது. மறுப்பதால் எவர்க்கும் வாழ்வு போவதில்லை. தோட்டத் தொழிலாளியிடத்து இவ்விரண்டுமே தலைகீழாயின. சான்றை வைத்திருந்தவன் ஒருவன். அதனைக் காட்ட வேண்டியவன் மற்றொருவன். அவ்வாறிருக்க, அதே விதியை அவன்மேற் சுமத்தியமையைக் கவனம் என்று பெயரிட்டு அழைத்தல் எங்ஙனம் பொருந்தும்? 1964 ஒக்ரோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்து நாடற்றிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகளே எனச் சட்டம் ஏற்றது 2003இல்தான். முதல் விண்ணப்பத்திற் பெருவிரல் அடையாளம் இட்டவர்களுட் பெரும்பாலோர் அதற்கு முன்னரே மறைந்துவிட்டனர்.