வான்ஃப்ரீட்: மயக்கத்துக்கு அமைதி தேடிய மாளிகை

ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் பைராய்ட் நகரில் எழுப்பிய மாளிகை, பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கின் பொருளுதவியோடு 1872இல் தொடங்கப்பெற்று, 1874 ஏப்ரலில் குடிபுகும் நிலையை எட்டியது. வேலை இழுத்துக்கொண்டே போன நாள்களில் ‘எரிச்சலகம்’ என்ற பொருளில் அதைக் கேலியாகக் குறிப்பிட்டு வந்த வாக்னர், பின்னர் ‘வான்ஃப்ரீட்’ என்று பெயர் சூட்டினார். ‘வான்’ என்பது மயக்கம், மருட்சி, பித்து ஆகியவற்றைத் தழுவிய சொல். ‘ஃப்ரீட்’ அமைதியைக் குறிப்பது. தம் மயக்கங்கள் அமைதி கண்ட இடமாதலால் இல்லத்துக்கு இப்பெயரை இடுவதாக முகப்பிலேயே பொறித்தும் வைத்தார்.

இப்பெயரின் வேர் தத்துவத்தில் உள்ளது. உலகம் குருட்டு இச்சை ஒன்றின் வெளிப்பாடு என்றும், உயிர்கள் தனித்தனியானவை என்னும் தோற்றம் மாயைத் திரையே என்றும் கூறிய ஷோப்பன்ஹவரை வாக்னர் 1854இல் பயின்றார். மாயை என்னும் கருத்தை இந்தியச் சிந்தனையிலிருந்து பெற்ற அத்தத்துவஞானி, உபநிடதங்களைப் பாரசீகம் வழியாக வந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் கற்றவர். அவர் கருத்தில் கலை இச்சையைச் சிறிது நேரமே ஓயச் செய்யும். நிலையான விடுதலை அதை முற்றத் துறப்பதில்தான் உண்டு. இத்துறவில் ஈர்க்கப்பட்ட வாக்னர், புத்தரின் சீடர் ஆனந்தரையும் பிரகிருதி என்னும் பெண்ணையும் வைத்து 1856இல் ‘வெற்றியாளர்கள்’ என்ற நாடகத்துக்கு வரைவு எழுதினார். அது நிறைவு பெறவில்லை.

ஆனால் 1868இல் அரங்கேறிய ‘நூரன்பெர்க்கின் பாடகர் தலைவர்கள்’ என்னும் இசைநாடகத்தில், செருப்புத் தைக்கும் கவிஞர் ஹான்ஸ் ஸாக்ஸ், மயக்கமே எங்கும் ஆட்சி செய்வதைக் கண்டு, அதை ஒழிக்க முயலாமல் நற்செயலின் பக்கம் நயமாகத் திருப்ப முனைகிறார். மாளிகையின் பெயர் இவ்வழியைச் சார்ந்தது. அது மயக்கத்தின் அழிவை அன்று, மயக்கம் அடங்கிக் கலையாவதையே கூறுகிறது. வாயிலுக்கு மேலுள்ள சித்திரத்தில் நாடோடிக் கோலத்தில் நிற்கும் வோட்டான் என்னும் தெய்வத்தின் இருபுறமும் துன்பியலும் இசையும் பெண்ணுருவில் நிற்பதும் இதற்குப் பொருந்துவதே.

எனினும், அடங்கிய மயக்கம் தெளிவாகிவிடுமா என்ற வினா எஞ்சுகிறது. யூதர்களை இழிவுபடுத்தி 1850இல் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையை 1869இல் தம் பெயரிலேயே மீண்டும் வெளியிட்டவர் வாக்னர். அவர் மறைந்து நாற்பதாண்டுகளுக்குப்பின், 1923இல், ஹிட்லரை வரவேற்றதும் இதே இல்லம். அவித்தை, அதாவது அறியாமை, ஞானத்தாலன்றி நீங்காது என்னும் உபநிடத மரபின் நோக்கில், ஆராயப்படாத மயக்கம் அமைதியுற்றாலும் மயக்கமே. வாக்னரும் இதை உணராதவரல்லர்; இம்மாளிகையில் வாழ்ந்த காலத்தில் அவர் இயற்றி 1882இல் அரங்கேற்றிய ‘பார்சிஃபல்’ நாடகத்தின் நாயகன், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்ந்த பின்னரே அறிவு பெறுகிறான். கருணையின் வழியே அறிவு என்னும் அந்த அளவுகோலை வாக்னர் தம் கலைக்கு வகுத்தார். தம் வெறுப்புகளுக்கு அதைப் பொருத்திப் பார்க்காததால், முகப்பில் பொறித்த அமைதி அவருடைய கலைக்கு மட்டுமே உரியதாயிற்று.