நறுமணம் யாருடையது?

கந்தம், புஷ்பம், தூபம், தீபம், நைவேத்தியம் ஆகிய ஐந்தும் பூஜையில் பஞ்சோபசாரங்கள் எனப்படும். இவற்றுள் நைவேத்தியம் பிரசாதமாக நம்மிடம் திரும்பி வருகிறது. சாத்திய மலரையும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தூபமோ எரிந்து மறைந்துவிடுகிறது. திரும்பப் பெற இயலாததைக் கொடுப்பதால் அதனைத் தியாகத்தின் அடையாளமாகக் கொள்கிறோம். ஆனால் அங்கே தியாகம் செய்வது யார்?

அகிற்கட்டையையே எடுத்துக்கொள்வோம். அஸ்ஸாமின் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வளரும் மரம் அது. அங்கு அதனைச் சாஞ்சி என்றும் அழைப்பர். அதன் பட்டையைப் பதப்படுத்தி ஏடுகளாக்கி, சத்ரா எனப்படும் வைணவ மடங்களில் பக்தி நூல்களை எழுதிவைத்தனர். நலமாக உள்ள அகில் மரத்தின் கட்டை வெளிறியது, இலேசானது, மணமற்றது. தண்டைத் துளைக்கும் புழு ஒன்று உள்ளே வழி உண்டாக்குகிறது. அவ்வழியே பூஞ்சை புகுகிறது. அதனைத் தடுக்க மரம் பிசினைச் சுரக்கிறது. ஆண்டுகள் பல செல்ல, பிசின் ஊறிய பகுதி கறுத்து, நீரில் மூழ்குமளவு கனத்துவிடுகிறது. நாம் போற்றும் அகில் அதுவே.

புண்பட்டும் மணம் தரும் மரத்தைச் சான்றோருக்கு உவமையாக்குவது நம் வழக்கம். உவமை அழகியதே. எனினும் மரம் நமக்காகச் சுரக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே சுரந்தது. அந்தத் தற்காப்பைத் தியாகம் என்று பெயரிட்டு, அதன் புண்ணியத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகுமா?

எம்மரத்தினுள் பிசின் உள்ளது என்பது வெளியிலிருந்து எளிதில் புலப்படாது. ஆதலால் திருட்டுக் கோடரி, மணமற்ற மரங்களையும் வீழ்த்துகிறது. அஸ்ஸாமில் வளரும் அகிலினம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக மதிப்பிடப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த அகில் துண்டுகளை வாங்கினேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், விற்பவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அறிந்தும் வாங்கினேன். அன்று மாலை புகை எழுந்தபோது மனம் இறைவனிடம் செல்லவில்லை. விடை கிடைக்காத அக்கேள்வியிடமே சென்றது.

'பக்தியுடன் அர்ப்பணித்தால் எதுவும் தூய்மையாகிவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். பதஞ்சலி முனிவர் கூறும் யமங்களுள் அஸ்தேயம், அதாவது திருடாமை, ஒன்று. திருடியவனிடமிருந்து கேளாமல் வாங்குவதும் அதன் எல்லைக்குள் வருவதே. நம் பக்தி நம் உள்ளத்தைத் தூய்மைப்படுத்தலாம். வெட்டுண்ட மரத்தை அது மீண்டும் நிறுத்திவிடாது.

அப்படியானால் தூபத்தையே கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அரசின் உரிமை நெடுங்காலம் நீடித்தது. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்திய பின், தன் நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்கு உடையவருக்கே உரியதாயிற்று. அகிலும் இன்று தோட்டங்களில் பயிரிடப்படுகிறது. ஆகவே நேர்வழியில் வந்த கட்டையைக் கேட்டு வாங்க வழியுண்டு. மிக மலிவான அகில், வாசனை எண்ணெயில் ஊறிய வெறுங்கட்டையாகவும் இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்வோம்.

வாங்கியதைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம். தணலின்மேல் சாம்பலைத் தூவி, அதன்மேல் நகக்கண் அளவு துண்டை வைத்தால் போதும். கட்டை தீப்பற்றாமல் சூடேறி மெல்ல மணம் விடும், புகையும் குறையும். இயற்கைக் கட்டையின் புகையும் நுரையீரலுக்குத் தீங்கே. ஆதலின் சாளரம் திறந்திருக்கட்டும். சந்தனத்தையோ எரிக்கவே வேண்டியதில்லை. கல்லில் இழைத்தாலே மணக்கும். ஒரு கட்டை பல ஆண்டுகள் வரும்.

நல்ல கட்டை கிடைக்காத நாளில் வருந்தவும் வேண்டா. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் ஏற்பதாகக் கூறுபவை இலை, மலர், கனி, நீர் ஆகியவை. அகிலும் சந்தனமும் அங்கே கேட்கப்படவில்லை.

நறுமணம் மரத்தினுடையது, அதனை விளைவித்த ஆண்டுகளும் மரத்தினுடையவை. விசாரித்து வாங்கும் பொறுமை, குறைவாக எடுக்கும் அடக்கம், இல்லாதபோது இல்லாமலே வணங்கும் மனம் ஆகிய மூன்றே நம்முடையவை. நாம் அர்ப்பணிக்கக் கூடியவையும் அவையே.