விரலிடுக்கு உப்பு

கூனிமேட்டுக் கடையில் ஓர் அக்கா ஒரு கிலோ உப்பு பாக்கெட் வாங்கினார். மரக்காணம் அளத்தில் காலையெல்லாம் உப்பு வாரிவிட்டு வந்தவர். விரலிடுக்கில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"அளத்துல அவ்ளோ கெடக்கே, காசு குடுத்து வாங்குறீங்களேக்கா?"

"அது சாப்பாட்டுக்கு ஆவாதுப்பா. டிவியில சொல்றாங்கல்ல."

அந்த விரல்களும் அந்தப் பாக்கெட்டும் என்னை விடவில்லை. டிவி சொன்னது பொய்யுமல்ல. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பால் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென விற்க 2006இல் தடை வந்தது. ஆனாலும் அளத்து உப்பு விஷமல்ல, அதில் ஒரு சத்து இல்லை, அவ்வளவுதான். விரலிடுக்கில் உப்போடு நின்றவரிடம் வந்து சேர்வதற்குள் காரணம் உதிர்ந்து, பயம் மட்டும் மிஞ்சிவிட்டது.

பள்ளியில் ஒருநாள் எல்லோரையும் வீட்டு உப்பு கொண்டுவரச் சொன்னார்கள். டீச்சர் ஒரு சொட்டு மருந்து விட, மற்றவர்களின் உப்பு நீலமானது. ஆயாவின் ஜாடியிலிருந்து நான் அள்ளிப்போன கல்லுப்பு வெள்ளையாகவே இருந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்று மாலை நான் அழுத அழுகையில் எங்கள் வீட்டுக்கும் பாக்கெட் வந்தது. ஆயாவை மாற்றியது அயோடினா, என் அழுகையா?

எட்வர்ட் பெர்னேஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி எப்போதோ படித்தது அரைகுறையாக ஞாபகம். 1928இல் பிரச்சாரத்தைப் பற்றியே புத்தகம் எழுதியவர். பன்றி இறைச்சி விற்க அவர் இறைச்சியைப் புகழவில்லை. காலையில் கனமாகச் சாப்பிடுவது நல்லதென்று மருத்துவர்களைச் சொல்லவைத்தார். சரக்கைவிடச் சொல்பவர்தான் முக்கியம் என்பது அவர் கணக்கு.

அப்படியானால் 1930? ராஜாஜியின் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுக்க நடந்தபோது, சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஊரூராக அறிவித்தார். சொன்னவர் பெரிய அதிகாரி. சனங்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவைத்தார்களாம். காந்தி போராட்டத்துக்கு உப்பைத் தேர்ந்தெடுத்ததும் மக்கள் மனத்தை அசைக்கத்தான். தன் கை அறிந்ததை நம்பச் சொன்னவர் பக்கம் மக்கள் நின்றார்கள் என்று எழுதிவிடலாம். ஆனால் அயோடினைக் கை அறியாது. அங்கே என் வாதம் உடைகிறது.

அக்காவிடம் போய்க் காரணத்தை விளக்கலாம். தலையாட்டினால், டிவியை விட்டு என்னை நம்பினார் என்றாகும். காங்க்ராவை நானும் பார்த்ததில்லை, படித்து நம்பியவன்தான். அந்த நீல நிறத்தையாவது கண்ணால் கண்டேன், அது போதுமான வித்தியாசம் என்றே நினைக்க விரும்புகிறேன். ஆனால் அந்தச் சொட்டில் என்ன இருந்ததென்று அன்று நான் கேட்கவில்லையே.