ஒட்டுப்போட்ட பாட்டு

சில மாதங்களுக்கு முன் திருவண்ணாமலையில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நான் போட்டுக் காட்டிய பாட்டை, இதை வாசிக்கிறவர்களில் ஐந்தாறு பேராவது கேட்டிருப்பீர்கள். ஜவ்வாது மலையில் ஒரு கிழவி பாடியது. சாமைக் கொல்லையில் களையெடுக்கும்போது பாடுவதாகச் சொன்னாள். மூன்று நிமிஷம். கேட்டு முடித்ததும் ஒருவர் 'கலப்படமில்லாத குரல்' என்றார். இன்னொருவர், கேட்க ஒருவன் இருக்கிறான் என்ற பிரக்ஞையே இல்லாத பாட்டு இது என்றார். மூன்றாமவர், இரண்டாம் அடி முடிந்ததும் பாட்டு சட்டென்று வேகம் கொள்வதைக் குறிப்பிட்டு, உணர்ச்சி தன் வடிவத்தைத் தானே தேடிக்கொள்கிறது என்றார். நான் எதையும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் மூன்று இடங்களில் வெட்டி ஒட்டியிருந்தேன்.

வெட்டி ஒட்டுவதே பொய் என்று சொல்ல வரவில்லை. அது பத்தாம்பசலித்தனம். பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டை எடுத்துக்கொள்வோம். 1966இன் கடைசி வாரங்களில் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் அது இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. ஒன்று நிதானமானது, மற்றது ட்ரம்பெட்டும் செல்லோவுமாக, வேகமும் சுருதியும் கூடியது. ஜான் லெனனுக்கு முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருந்தன. இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்றார். சுருதியும் சேரவில்லை, காலப்பிரமாணமும் சேரவில்லை என்று ஜார்ஜ் மார்ட்டின் எவ்வளவோ சொல்லியும் பயனில்லை. பிறகு ஒரு நாடாவைச் சற்று வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தபோது சுருதி ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஜெஃப் எமெரிக் நாடாவை வெட்டி ஒட்டினார். பாட்டின் முதல் நிமிஷம் முடியும் இடத்தில் அந்த ஒட்டு இன்றும் இருக்கிறது. தெரிந்தவனுக்குத்தான் கேட்கும்.

அந்த வேலை எவ்வளவு ஸ்தூலமானது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஸ்டுடியோ நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது ஒரு நொடி என்பது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலத்தைப் பூச்சரம்போல முழம்போட்டு அளந்து, பென்சிலால் குறியிட்டு, சவர பிளேடால் வெட்டினார்கள். நேராக வெட்டினால் ஒட்டில் 'டக்' என்று கேட்கும் என்பதால் சாய்வாக வெட்டினார்கள். வேண்டாத காலம் தரையில் கிடக்கும். யாராவது அதைப் பெருக்கித் தள்ளியாக வேண்டும்.

க்ளென் கூல்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். 1964இல் மேடைக் கச்சேரிகளை விட்டுவிட்ட அந்தப் பியானோ கலைஞர், இரண்டு வருஷம் கழித்து எழுதிய கட்டுரையில், பாஹின் ஏ மைனர் ஃபியூகைத் தாம் ஒட்டுப்போட்ட விதத்தை ஒளிக்காமல் சொன்னார். ஆறாவது பதிவும் எட்டாவது பதிவும் பிசகில்லாதவை. ஆனால் ஒன்று கனமாக இருந்தது, மற்றது துள்ளலாக இருந்தது. தனியாகக் கேட்டால் இரண்டுமே சலிப்புத் தந்தன. இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டியபோதுதான் ஃபியூக் கிடைத்தது. ஒரே மூச்சில் வாசிப்பதே உண்மை என்று நினைக்கிற நம் சங்கீத ரசிகர்களுக்கு இது அதர்மமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. எழுதுகிறவன் ஒரு வரியை இருபது நாள் அடித்துத் திருத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் கூல்ட் வெட்டியது கூல்டை. லெனன் வெட்டச் சொன்னது தம் பாட்டை. அந்த நான்கு ட்ரம்பெட்காரர்களையும் மூன்று செல்லோக்காரர்களையும் யாரும் கேட்கவில்லைதான். அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். கூலி வாங்கியவனுக்குத் தன் ஒலியின்மேல் இருக்கும் பாத்தியதை தீர்ந்துவிடுகிறதா என்பது தனிப் பிரச்னை. கிழவிக்கு நான் கூலியும் கொடுக்கவில்லை.

ஒரு சமாதானத்தை நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இதே மலையில் காவலூரில் 1968 முதல் தொலைநோக்கி இருக்கிறது. 1986இல் வந்தது 2.34 மீட்டர் விட்டமுள்ளது. வானவியலார் ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை படமெடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, கருவியின் இரைச்சலைக் கழிக்கிறார்கள். அதை யாரும் மோசடி என்பதில்லை. நான் கழித்ததும் இரைச்சலைத்தானே? இந்தச் சமாதானம் நிற்காது. நட்சத்திரம் யாரையும் பார்த்து ஒளிர்வதில்லை.

நான் கழித்தவை இவை. முதல் வெட்டில் ஒரு இருமல். இரண்டாவதில் மேட்டில் ஏறிப்போன ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றாவதில், இரண்டாம் அடி முடிந்ததும் அவள் பாட்டை நிறுத்தி, "குழு லோனு எப்ப சார் வரும்?" என்று கேட்டது, "வந்துரும்மா, நீங்க பாடுங்க" என்று நான் சொன்னது. பதினொரு நொடி. நாடாவாக இருந்தால் நான்கு மீட்டருக்கு மேல் என் காலடியில் சுருண்டு கிடந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான்; தரை சுத்தமாக இருந்தது.

அந்த மலைக் கிளையில் கடன் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. அவளுக்கு அது தெரியும். கேட்க ஒருவன் இருக்கிறான் என்ற பிரக்ஞை இல்லாமல் பாடினாள் என்று நண்பர் சொன்னாரே, அவள் அந்த ஒருவனுக்காக மட்டுமே பாடினாள். என் பதிலுக்குப் பிறகு பாட்டு வேகமெடுத்தது சீக்கிரம் முடித்துவிடத்தான். நாங்கள் வடிவம் என்று வியந்தது அந்த அவசரத்தை. இருமலை வெட்டியது சுத்தம் செய்தது. மூன்றாவது வெட்டில் நான் வெளியே எடுத்தது அவளை அல்ல, வங்கி குமாஸ்தாவை. அவன் போனதும் மிச்சமிருந்தது 'நாட்டார் குரல்'. நாம் தொகுத்துப் பாராட்டும் பாடல்களில் எத்தனை இப்படிக் குமாஸ்தா நீங்கிய பாடல்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெட்டியதைத் திரும்பச் சேர்த்தால் போதுமா என்றும் யோசித்தேன். சேர்த்துக் கேட்டபோது வேறொரு சங்கடம். இப்போது பாட்டின் நடுவில் நான் வந்து நிற்கிறேன். கேட்கிறவர்கள் என் மனசாட்சியைப் பற்றிப் பேசுவார்களே தவிர அவள் பாட்டைப் பற்றி அல்ல. இந்தக் கட்டுரையும் ஓரளவு அதைத்தான் செய்கிறது.

கடன் வந்துவிட்டது, என் தயவால் அல்ல, அதன் முறையில். முழுப் பதிவையும் அடுத்த முறை கொண்டுவருகிறேன். வேகமெடுக்கும் இடத்தைப் பாராட்டிய நண்பர் அவசியம் வர வேண்டும்.