யார் பிழைக்க வேண்டும்?

1960 மார்ச்சில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கிளைட் ஷீல்ட்ஸ் என்ற போயிங் தொழிலாளியின் கையில் டெஃப்லான் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னரின் யோசனை அது. அதற்கு முன்பு, செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸைச் செய்ய ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. சில முறைகளிலேயே குழாய்கள் கெட்டுவிடும். ஸ்கிரிப்னரின் குழாய் தமனியையும் சிரையையும் இணைத்தபடி தோலுக்கு வெளியே நிலையாக நின்றது. சாவை எதிர்நோக்கியிருந்த ஷீல்ட்ஸ் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது. 1962இல் திறந்த டயாலிசிஸ் மையத்தில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். காத்திருந்தவர்களோ பலர்.

முதலில் மருத்துவர்கள் வடிகட்டினார்கள். குழந்தைகளும் 45 வயதைத் தாண்டியவர்களும் அப்போதே விலக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஊரிலிருந்து பொறுக்கிய ஏழு பேரிடம் விட்டார்கள்: ஒரு பாதிரியார், வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, அறுவை மருத்துவர். அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படவில்லை. வயது, திருமணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, படிப்பு, மன உறுதி, வேலை, இனி ஊருக்கு என்ன செய்வார் என்பதெல்லாம் அவர்கள் முன் வைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை இதை நாடறியச் செய்தது.

அறவியலின் பழைய வழக்கு ஒன்று அந்த ஏழு பேரின் அறைக்குள் மறுபடி நடந்தது. செயலின் விளைவைப் பார், மொத்த நன்மை எதில் கூடுகிறதோ அதைச் செய் என்பது 1789இல் ஜெரமி பெந்தாம் முன்வைத்த பயன்வாதம். மூன்று குழந்தைகளின் தகப்பனைக் காப்பாற்றினால் நான்கு பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கு அதன் வழியில் வருவது. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே, ஒவ்வொருவரும் தம்மளவிலேயே மதிப்புடையவர் என்றார் இம்மானுவேல் கான்ட், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே. அவர் வழியில் பார்த்தால், தனியாக வாழும் ஒருவருக்கு மதிப்பெண் குறைப்பதே தவறு.

சியாட்டிலைப் பற்றிய விவாதத்தில் இரு தரப்புக்கும் வாதாட ஆள் இருந்தார்கள். ஒருவர் இதுவரை செய்த தொண்டையும் இனிச் செய்யக்கூடியதையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1969இல் எழுதினார் தத்துவ அறிஞர் நிக்கோலஸ் ரெஷர். மருத்துவத் தகுதி சமமாக இருந்தால் குலுக்கல் போடுவதே நேர்மை என்று மறு ஆண்டு எழுதினார் அறவியலாளர் ஜேம்ஸ் சில்ட்ரஸ். இதே சில்ட்ரஸ் 1979இல் டாம் போஷாம்புடன் சேர்ந்து எழுதிய நூல்தான் மருத்துவ அறத்தின் நான்கு தூண்களை நிறுத்தியது: நோயாளியின் முடிவை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி.

சில்ட்ரஸ் பக்கமே நியாயம் இருக்கிறது. பயன்வாதத்தின் கணக்கு தவறு என்பதால் அல்ல. அந்தக் கணக்கைப் போட சியாட்டிலில் யாருக்கும் வழி இல்லை என்பதால். ஒரு கவிஞனால் ஊருக்கு என்ன பயன், வேலையிழந்த பெண்ணால் என்ன பயன் என்று அளக்க எந்தத் தராசும் கிடையாது. ஆகவே நிலையான வேலையும் குடும்பமும் கொண்டவர், அதாவது தீர்ப்பு சொல்பவரைப் போன்றவர், தகுதியானவராகத் தெரிந்தார். குழுவினரின் நல்லெண்ணம் இதற்கு மருந்தாகவில்லை. குலுக்கலில் இந்தச் சாய்வுக்கு இடமில்லை. விட்டுப்போனவரிடம் ‘நீ மதிப்புக் குறைந்தவன்’ என்று அது சொல்வதும் இல்லை.

ஆனால் குலுக்கலும் பற்றாக்குறையைப் பங்கிடத்தான் செய்யும். 1971 நவம்பரில் ஷெப் கிளேசர் என்ற நோயாளி, அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் கண்ணெதிரே டயாலிசிஸ் செய்துகொண்டார். அடுத்த அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் செலவையும் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்க வகைசெய்யும் சட்டம் வந்தது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பத்தாண்டுகள் கேட்டவர்கள், ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டபோதுதான் வழி திறந்தது.

தேர்வு முழுதாக ஒழிந்துவிடவில்லை. 2020 மார்ச்சில், கோவிட் பரவலால் இத்தாலியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாதபோது, அனுமதிக்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்று அந்நாட்டு மயக்கவியல் மருத்துவர் சங்கமே எழுதியது. இப்படிப்பட்ட விதிகளை நெருக்கடிக்கு முன்பே, எல்லாரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். எழுதும் மேசையில் நோயாளிகளுக்கும் நாற்காலி போட வேண்டும்.