இலவசமாகத் தோற்பது

தோட்டத்துக்குப் படவண்டி வந்த நாள்களைப் பற்றி எங்கள் அப்பா தலைமுறையில் யாரைக் கேட்டாலும் குறைந்தது ஒரு மணி நேரம் பேசுவார்கள். திடலில் இரண்டு கம்பை நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியது, பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடி முன்வரிசையில் இடம் பிடித்தது எல்லாம் வரும். மலாய்க்காரர்கள் இதை 'வாயாங் பாச்சாக்' என்பார்கள். கம்பு நட்டுக் காட்டும் படம் என்று வைத்துக்கொள்ளலாம். சில நாள் வருவது தகவல் இலாகாவின் வண்டி. 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்டின் படங்கள் அப்படித்தான் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன. அவசரகாலத்தில் அவற்றோடு கம்யூனிஸ்டுகளை நம்பாதே என்ற உபதேசமும் சேர்ந்து வந்தது. சில நாள் வருவது மருந்து கம்பெனி வண்டி. அதில்தான் எம்.ஜி.ஆர். வருவார். நம்பியார் சாட்டையை ஓங்கும் நேரமாகப் பார்த்துப் படத்தை நிறுத்திவிடுவார்களாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் வந்து தைலம், பூச்சி மருந்து, பல்பொடி என்று அடுக்குவார். நாலு பேராவது வாங்கிய பிறகுதான் ஓங்கிய சாட்டை கீழே இறங்கும்.

"ஓசியில காட்டுறான்னா சும்மாவா காட்டுவான்?" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

ஆகவே கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் இலவச விளையாட்டுகளில் விளம்பரம் வருகிறதே என்று யாராவது பதறினால் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இது நம் ஆட்களுக்கு மூன்று தலைமுறையாகப் பழகிய பேரம்தானே! பார்ப்பவனுக்குக் காசில்லை, காட்டுபவனுக்குக் காசு வேண்டும், நடுவில் ஒருவன் எதையாவது விற்கிறான். இதில் அறம் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் இடத்தில் இல்லை. நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது, கண்டதையும் காட்டுகிறான் என்பதெல்லாம் உண்மைதான். அவற்றைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள்.

சுங்கை பெசாரிலிருந்து உள்ளே திரும்பினால் நெல்வயலும் செம்பனையுமாகக் கிடக்கும் எங்கள் சுங்கை பஞ்சாங்கில் இப்போது படவண்டி எதுவும் வருவதில்லை. வீட்டுக்கு இரண்டு போன் இருக்கிறது. அக்கா செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு வந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் போன் மகன் கைக்குப் போய்விடும். அவனுக்கு ஒன்பது வயது. நிறங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் ஒரு விளையாட்டு. உடைக்க வேண்டியது இன்னும் இரண்டே இரண்டு இருக்கும்போது வாய்ப்புகள் தீர்ந்துவிடும். திரையில் ஓர் இதயம் உடையும். தொடர வேண்டுமானால் 30 வினாடி காணொளியைப் பார் என்று ஒரு பொத்தான் துடிக்கும். பார்ப்பான். பெரும்பாலும் அது இன்னொரு இலவச விளையாட்டின் விளம்பரம். மூடுவதற்கான பெருக்கல் குறி கடைசியில் ஒரு மூலையில் மிளகளவுக்கு முளைக்கும். விரல் கொஞ்சம் தவறினால் பதிவிறக்கும் பக்கம் திறந்துகொள்ளும்.

"இருங்க மாமா, ஒரு உயிரு வாங்கிட்டு வந்துர்றேன்" என்பான் என்னிடம். உள்ளேயிருந்து அக்கா, "ஏன்டா, என் உயிர வாங்குறது பத்தாதா?" என்பாள்.

முதலில் ஒரு சில்லறைக் கணக்கைப் பார்த்துவிடலாம். மருந்துக்காரர் தன் ஜெனரேட்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய் அவருடையது, வண்டி அவருடையது. அக்காவின் போனுக்கு விளம்பரம் வந்து சேர்வதோ அக்கா போட்ட 5 வெள்ளி டாப் அப்பில். விற்க வருபவனுக்கு நாமே வண்டிக்கூலி கொடுத்து அழைத்துவருகிறோம். இலவசம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த நமக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

கனடாவின் டல்லஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். தொலைக்காட்சி விற்கும் சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்வையாளர்களே. விளம்பரதாரர்களிடம் விற்கப்படுவது அவர்கள்தான். பார்த்துக்கொண்டிருப்பதன் மூலம் அவர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள் என்பது அவர் வாதம். விற்கப்படுகிறோம் என்ற வரைக்கும் நான் அவரோடு வருவேன். உழைப்பு என்ற இடத்தில் நின்றுவிடுவேன். எங்கள் பாட்டி பத்து வயதில் விடியற்காலையில் கித்தா காட்டில் கட்டிப்பால் பொறுக்கியவர். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு விளம்பரம் பார்க்கும் பேரனையும் அவரையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. பையனிடமிருந்து எடுக்கப்படுவது உழைப்பல்ல, வேறொன்று.

அது என்ன என்று தெரிய, விளையாட்டு என்பது ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் எல்லா விதியும் ஆளைப் பார்த்துத்தான் வந்தது. துரை பங்களா நாய்க்கு ஒரு விதி, லயத்து நாய்க்கு ஒரு விதி. கிராணி மகனுக்கு மைதானத்தின் எந்தப் பக்கம், மண்டோர் மகனுக்கு எந்தப் பக்கம் என்பது வரைக்கும் கணக்கு இருந்தது. ஆனால் பந்து உருளத் தொடங்கிவிட்டால், அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது, கோட்டைத் தாண்டிய பந்து யார் உதைத்தாலும் தாண்டியதுதான். கோலிக்கு யாருடைய அப்பா என்ன வேலை என்று தெரியாது. நீ யாரென்று தெரியாத ஒரு விதியின் முன்னால் நிற்பது எவ்வளவு பெரிய சுகம்! தோற்றால்கூட அந்தத் தோல்வி உன்னுடையது. யாரும் உனக்காக அதைச் செய்து வைக்கவில்லை.

விளையாட்டைப் பற்றி 1938இல் புத்தகம் எழுதிய டச்சு வரலாற்றாசிரியர் ஹூய்சிங்கா, கள்ள ஆட்டம் ஆடுபவனுக்கும் ஆட்டத்தைக் கெடுப்பவனுக்கும் வேறுபாடு உண்டு என்கிறார். கள்ளன் விதியை ஏய்க்கிறான், ஆனாலும் விதி இருப்பதாக நடிக்கிறான். கெடுப்பவன் விதியே இல்லை என்று கலைத்துவிட்டுப் போகிறான். அதனால் உலகம் கள்ளனைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், கெடுப்பவனைப் பொறுக்காது. இந்த இரண்டு பேரிலும் அடங்காத மூன்றாவது ஆள் ஒருவன் இப்போது வந்திருக்கிறான். ஆட்டத்தின் வட்டத்தைப் போட்டவனே அவன்தான். எந்த இடத்தில் நீ தோற்றால் உனக்கு அதிகமாக வலிக்கும் என்று பார்த்துவிட்டு அங்கே கடை போடுகிறான். நம் ஊரில் இதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம். வித்தியாசம், அழுவது அவன் இல்லை.

அழுவது என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கான 135 செயலிகளை ஆராய்ந்து, அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருப்பதாக 2018இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்று பிள்ளைகள் டாக்டராக நடிக்கும் விளையாட்டு. கடைப் பக்கத்தைத் திறந்துவிட்டு எதையும் வாங்காமல் திரும்பினால் உள்ளே இருக்கும் பொம்மை முகம் வாடி அழத் தொடங்குமாம். மருந்துக்காரர்கூட யாரும் வாங்காவிட்டால் உட்கார்ந்து அழுததாக அப்பா சொன்னதில்லை.

விதி ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வது கற்பனையல்ல. 2017 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. விளையாட்டுக்குள் காசு செலவழிக்கத் தூண்டும் விதமாக யாரை யாரோடு மோதவிடலாம் என்று தீர்மானிக்கும் முறை அது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. சரி, நம்புவோம். ஆனால் அப்படி ஒரு யோசனை ஒருவருக்குத் தோன்றி, அதை எழுதி, முத்திரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பெங்களூரின் இன்மொபி நிறுவனம் அமெரிக்காவின் வணிக ஆணையத்துக்கு 9,50,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. செயலிகளில் விளம்பரம் போடுவதற்காகக் கோடிக்கணக்கானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அனுமதியில்லாமல் பின்தொடர்ந்தது என்பது குற்றச்சாட்டு. அதில் பிள்ளைகளும் அடக்கம். கோலிக்குத் தெரியாதது போனுக்குத் தெரிகிறது.

மறுபடியும் மருந்துக்காரரிடம் வருகிறேன். அவர் சாட்டையை ஓங்கிய இடத்தில் படத்தை நிறுத்தினார் என்பது உண்மை. நம் வாரப் பத்திரிகைகள் 'தொடரும்' போட்ட இடங்களும் அந்த வம்சம்தான், எழுத்தாளர்கள் யோக்கியர்கள் என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் தைலம் விற்கவில்லை என்பதற்காக எம்.ஜி.ஆர். இன்னும் நாலு அடி கூடுதலாக வாங்கவைக்க மருந்துக்காரரால் முடியாது. படம் அவருக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அவர் அதை நிறுத்தலாம், மாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. அவர் எதிரில் நின்றார். "போன தடவ வாங்குன தைலம் வெறும் தண்ணி லா" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும், திடலே சிரிக்கும், மைக்கில் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதம் அதே திடலுக்கு வரவேண்டியவர் அவர். அக்கா மகன் யாரைப் பார்த்துக் கத்துவான்? 2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளையாட்டுகளின் இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. விளம்பரத்தில் காட்டிய ஆட்டம் ஒன்று, உள்ளே பெரும்பாலும் இருந்த ஆட்டம் வேறு. புகார் செய்ய அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. சுங்கை பஞ்சாங்கில் ஒன்பது வயதுக்காரனுக்கு இருப்பது அந்த மிளகளவு பெருக்கல் குறி மட்டும்தான்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. விளம்பரம் இல்லையென்றால் இந்தப் பையனுக்கு விளையாட்டே கிடைக்காது. காசு கொடுத்து வாங்கும் வீடா இது? விளம்பரத்தை நீக்க வேண்டுமானால் இத்தனை வெள்ளி கட்டு என்று அந்த விளையாட்டே கேட்கிறது. கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை நிம்மதியாக ஆடுகிறது. ஆக, அமைதி என்பதும் விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. இருந்தாலும் மறுப்பு நியாயமானது. என்னை யோசிக்கவைத்தவர் ஹனோய்க்காரரான டொங் நுயென். தனியாளாக உட்கார்ந்து அவர் செய்து 2013 மே மாதம் வெளியிட்ட பிளாப்பி பேர்டும் இலவசம்தான், அதிலும் விளம்பரம் உண்டு. ஒரு நாளைக்குச் சராசரியாக 50,000 டாலர் வருகிறது என்று அவரே சொன்னார். ஆனால் அந்த விளம்பரம் திரையின் ஓர் ஓரத்தில் பட்டையாகக் கிடந்தது, அவ்வளவுதான். குருவி குழாயில் மோதினால் செத்தது. உயிர் விற்பனைக்கு இல்லை. கலிபோர்னியாக்காரனுக்கும் காப்பாருக்காரனுக்கும் ஒரே குழாய். விளம்பரத்தில் பிழைத்துக்கொண்டே விதியைத் தொடாமல் இருக்க முடியும் என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சாட்சி அது. 2014 பிப்ரவரியில் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓய்வு நேரத்தில் சில நிமிடம் ஆடட்டும் என்று செய்தது, ஆட்களை விடாமல் பிடித்துக்கொண்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். விதியை நேர்மையாக வைத்திருந்தவருக்கே அந்த உறுத்தல் வந்தது.

அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆடுவதற்கு முன் டேட்டாவை அடைத்துவிடுவது. அப்போது விளம்பரம் வராது, துடிக்கும் பொத்தானும் செத்துக் கிடக்கும். "ஆனா உயிரும் கெடைக்காதேடா" என்றேன். "செத்தா மொதல்லேருந்து ஆடலாம், அதுக்கென்ன மாமா?" என்றான். போன வாரம் அந்த விளையாட்டைப் புதுப்பித்திருக்கிறார்கள். இப்போது இணையம் இல்லாவிட்டால் அது திறப்பதே இல்லை.